முகம் திருப்பிய அரங்கனும் பெயரில்லாத மணமகளும்

செஞ்சிக்கு வடக்கே சில கிலோமீட்டரில் சிங்கவரம் குன்று இருக்கிறது. படியேறிப் போனால், பல்லவர் காலத்தில் பாறையைக் குடைந்து செய்த கருவறையில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். அவர் தலை சற்றே ஒருபுறம் திரும்பியிருப்பதற்கு ஊரார் சொல்லும் காரணம் ஒன்றுதான். ஆற்காட்டு நவாபின் படை வந்துவிட்டது என்றதும் தேசிங்குராஜன் இங்கே வந்து போருக்கு உத்தரவு கேட்டானாம். வேண்டாம் என்று பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அவன் கேட்கவில்லையாம். சிலை தேசிங்குக்குப் பல நூற்றாண்டு மூத்தது. கதைதான் பின்னால் வந்து அதோடு சேர்ந்துகொண்டது. ஆனாலும் அந்தக் கதையைத் தள்ளிவிட மனம் வரவில்லை. 22 வயதுப் பிள்ளை சாகப் போகிறான், அவனை யாராவது தடுத்திருக்க வேண்டும் என்று இந்த ஊர் ஆசைப்பட்டிருக்கிறது. தடுக்க மனிதர் யாரும் கிடைக்காததால், அந்த ஆசையைக் கல்லில் படுத்திருக்கும் சாமியின் மேல் ஏற்றி வைத்திருக்கிறது.

வரலாறு சொல்வது சுருக்கமானது. எட்டாண்டு முற்றுகைக்குப் பிறகு 1698-இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகார்கான் செஞ்சியை மராட்டியரிடமிருந்து பிடித்தார். பின்பு கோட்டை புந்தேல ராஜபுத்திரரான சொரூப்சிங்கின் பொறுப்புக்கு வந்தது. 1714-இல் அவர் இறந்ததும் மகன் தேஜ்சிங் உரிமை கோரி வந்து அமர்ந்தார். இவர்தான் நம் தேசிங்கு. கட்ட வேண்டிய கப்பப் பாக்கியைக் கேட்டார் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகான். தேசிங்கு மறுத்தார். 1714 அக்டோபர் 3 அன்று கடலிக்கருகே நடந்த சண்டையில் தேசிங்கு இறந்தார். அவரோடு அவருடைய நண்பன் மகபத்கானும் இறந்தான். தேசிங்கின் இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாபே ஓர் ஊரை எழுப்பினார், அதுதான் ராணிப்பேட்டை என்று சொல்லப்படுகிறது. வரிப் பாக்கிக்காக நடந்த ஒருநாள் சண்டை இது. இதைவிடப் பெரிய போர்களைப் பார்த்த கோட்டை செஞ்சி. 2025 ஜூலையில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததுகூட மராட்டியர் படைத்தலங்களில் ஒன்று என்ற பெயரில்தான். ஆனால் செஞ்சி என்றதும் தமிழன் வாயில் வருவது தேசிங்கின் பெயர்தான். காரணம், அவன் கதையில் நட்பும் கல்யாணமும் சாவும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

கதைப்பாடலில் மகபத்கானின் பெயர் மோவுத்துக்காரன். தேசிங்கின் ஓலை வந்து சேரும்போது அவனுக்குக் கல்யாணம் நடந்துகொண்டிருக்கிறது. மணக்கோலத்தை விட்டு எழுந்து, நீலவேணிக் குதிரையில் ஏறிப் போய், நண்பனுக்காக உயிர் விடுகிறான். இந்துவும் முஸ்லிமும் மோதிக்கொண்ட போராக அன்றைக்கு யாரும் இதைச் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்ல முடியாது. ஓர் இந்துத் தலைவனுக்காக முஸ்லிம் நண்பன் முஸ்லிம் நவாபை எதிர்த்துச் செத்த கதையை மூன்று நூற்றாண்டாகப் பாடிவரும் மண்ணைப் பற்றிப் பெருமைப்படலாம். ஆனால் அந்தப் பெருமைக்கு நடுவே ஒருத்தி காணாமல் போகிறாள். பந்தலில் உட்கார்ந்திருந்த மணமகள் என்ன ஆனாள்? அவள் பெயர் என்ன? குதிரைகளுக்குக்கூட நீலவேணி, பாராசாரி என்று பெயர் இருக்கிறது. நீலாம்பூண்டியில் மகபத்கானுக்கும் தேசிங்கின் குதிரைக்கும் சமாதி உண்டு. மணமகளைப் பற்றி ஊர் நினைவில் ஒன்றுமே தங்கவில்லை. தேசிங்கின் மனைவிக்காவது ஓர் ஊர் கிடைத்தது. அதுவும் அவள் தீயில் இறங்கியதால் கிடைத்ததுதான். அந்தப் பெயரிலும் ராணி என்ற பட்டம் இருக்கிறதே தவிர அவள் இல்லை.

போர் இரண்டு முறை எடுத்துக்கொள்கிறது. முதலில் ஆளை எடுத்துக்கொள்கிறது. பிறகு ஆளுக்காக அழும் உரிமையையும் எடுத்துக்கொள்கிறது. செத்தவன் வீரனாகவோ தியாகியாகவோ துரோகியாகவோ கணக்கில் ஓர் எண்ணாகவோ ஆகிவிடுகிறான். அவனைக் காதலித்தவளுக்கும் பெற்றவளுக்கும் அந்தச் சாவின் மேல் இருந்த பாத்தியதை போய்விடுகிறது. போர்க்காலக் காதலை எழுதும் நாவலாசிரியர்கள் செய்யும் வேலை, இந்த இரண்டாவது பறிப்பை எதிர்ப்பதுதான் என்று நான் நினைக்கிறேன். சமாதானத்துக்குப் பாலம் கட்டுகிறார்கள் என்று அவர்களைப் புகழ்கிறவர்களும், அரசியலிலிருந்து தப்பித்து ஓடுகிறார்கள் என்று வைகிறவர்களும் இதைக் கவனிப்பதில்லை. இறந்தவனைக் கொடியிடமிருந்து வாங்கி வீட்டாரிடம் திருப்பிக் கொடுக்கிறார்கள். அது மிகவும் அரசியலான காரியம். அதனால்தான் அரசுகளும் இயக்கங்களும் ஒரு காதல் கதையைக் கண்டு அப்படிப் பதறுகின்றன.

தமிழுக்கு இந்தச் சிக்கல் பழையது. அகத்திணைப் பாடலில் ஒருவர் பெயரையும் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. பெயரும் ஊரும் கொடியும் புறத்துக்கு உரியவை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் நிற்கிறது நக்கீரரின் நெடுநல்வாடை. ஒருபக்கம் கூதிர்கால இரவில் அரண்மனைக் கட்டிலில் உறக்கம் வராமல் கிடக்கும் அரசி. இன்னொரு பக்கம் பாசறையில் வாடைக்காற்றில் விளக்கொளியில் காயம்பட்ட வீரர்களைப் பார்த்து வரும் அரசன். பாட்டின் பெரும்பகுதி அவளுடைய காத்திருப்புதான். ஆனாலும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதை அகம் என்று ஏற்கவில்லை. பாசறையில் ஒருவன் பிடித்திருக்கும் வேலின் தலையில் வேப்பந்தழை கட்டியிருக்கிறது, வேம்பு பாண்டியனின் அடையாளம், ஆகவே தலைவன் யாரென்று தெரிந்துவிடுகிறது, ஆகவே இது புறம். இலக்கணப்படி அந்தத் தீர்ப்பு சரியாகவே இருக்கட்டும். ஒரு கொத்து வேப்பிலை ஒரு பெண்ணின் இரவு முழுவதையும் போரின் கணக்கில் சேர்த்துவிட்டது என்பதும் உண்மை. செஞ்சிக்கு மேற்கே செங்கம் வட்டாரத்து நடுகற்களும் இப்படித்தான். ஆநிரை மீட்டுச் செத்தவன் பெயர், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எல்லாம் கல்வெட்டில் இருக்கும். அவனை இழந்தவளின் குரலுக்குக் கல்லில் இடமில்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். நம் மொழிக்காரர்கள் வாழும் இலங்கையில் 26 ஆண்டுகள் நடந்த போர் 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் மணல்திட்டில் முடிந்தது. கடைசி மாதங்களில் மட்டும் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011-இல் எழுதியது. அந்த எண்ணைப் படிக்க ஒரு நொடி போதும், அதை உணர வழியில்லை. நாவல்கள் அந்த எண்ணை எப்படிப் பிரித்துக் காட்டுகின்றன என்பதற்கு, அமெரிக்காவில் பிறந்த ஈழத்தமிழ் வம்சாவளியினரான வி.வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்' நல்ல சான்று. 2023-இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு பிரிட்டனின் பெண்கள் புனைவிலக்கியப் பரிசைப் பெற்ற ஆங்கில நாவல் அது. 1981, யாழ்ப்பாணம். பரீட்சைக்குப் படிக்கும் சசி என்ற பெண்ணின் மேல் கொதிநீர் கொட்டிவிடுகிறது. அலறல் கேட்டு, தெருவில் சைக்கிளில் போன பக்கத்து வீட்டுப் பையன் ஓடி வந்து வெந்த இடத்தில் முட்டைகளை உடைத்து ஊற்றுகிறான். இருவரும் டாக்டருக்குப் படிக்க ஆசைப்படுகிறவர்கள். அவனை ஆசிரியர் கே என்ற ஒற்றை எழுத்தாலேயே அழைக்கிறார். பிறகு அவன் புலிகள் இயக்கத்துக்குப் போகிறான். 1983 கலவரத்தில் சசியின் மூத்த அண்ணன் கொல்லப்படுகிறான். சில ஆண்டுகள் கழித்து நல்லூர் கோயில் முன்னே, ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க, கே தண்ணீரும் அருந்தாமல் சாகும்வரை உண்ணாவிரதம் இருக்கிறான்.

1987 செப்டம்பரில் நல்லூரில் உண்ணாவிரதமிருந்து இறந்த திலீபனை நினைவூட்டும் பகுதி இது. திலீபன் என்ற பெயர் தமிழ்நாட்டிலும் சுவரொட்டிகளில் தெரிந்த பெயர். ஆனால் அந்த மேடையை, பக்கத்தில் உட்கார்ந்து ஒருவனுடைய உடல் மணிக்கு மணி வாடுவதைப் பார்க்கும் மருத்துவ மாணவியின் கண்ணால் நாம் பார்த்ததில்லை. கூட்டம் ஒரு தியாகியைப் பார்க்கிறது. அவள், தன் தோலில் முட்டையை ஊற்றிய கையைப் பார்க்கிறாள். கூட்டத்துக்கு அவன் சாக வேண்டியிருக்கிறது. அவளுக்கு அவன் பிழைக்க வேண்டும், ஆனால் அதை அங்கே வாய்விட்டுச் சொல்ல முடியாது. இந்த இடத்தில் நாவல் இயக்கத்தைத் திட்டவும் இல்லை, கும்பிடவும் இல்லை. ஒரு சாவின் மேல் இரண்டு பேருக்குப் பாத்தியதை இருந்தது என்பதைக் காட்டுகிறது. அதில் ஒருவருடையது மட்டும் வரலாற்றில் பதிவானது.

அனுக் அருட்பிரகாசத்தின் 'தி ஸ்டோரி ஆஃப் எ ப்ரீஃப் மேரேஜ்' 2016-இல் வந்தது. போரின் இறுதி மாதங்களில், ஷெல் விழுந்துகொண்டிருக்கும் ஓர் அகதி முகாமில், ஏறக்குறைய ஒரே நாளில் நடக்கும் கதை. தினேஷ் என்ற இளைஞனிடம் ஒரு பெரியவர் வந்து தன் மகள் கங்காவைக் கட்டிக்கொள்ளும்படி கேட்கிறார். கல்யாணமான பெண்ணை இயக்கம் பிடித்துக்கொண்டு போகாது, ராணுவம் வந்தாலும் ஏதோ ஒரு காப்பு இருக்கும் என்பது தகப்பனின் கணக்கு. தாலி அங்கே கவசம். கல்யாணமான அன்று தினேஷ் செய்யும் பெரிய காரியம் கிணற்றடியில் குளிப்பது. பல நாள் அழுக்கும் மண்ணும் போக உடம்பைத் தேய்க்கிறான், துணியை அலசுகிறான். மனைவி பக்கத்தில் போவதற்கு முன் மனிதனாக வேண்டும் என்று அவனுக்குத் தோன்றுகிறது. நாவல் இதைப் பக்கம் பக்கமாக, அவசரமே இல்லாமல் எழுதுகிறது. வெளியே குண்டு விழும்போது ஒருவன் முதுகு தேய்த்துக் குளிப்பதை இவ்வளவு விரிவாக எழுத வேண்டுமா என்று பொறுமை இழக்கும் வாசகர் உண்டு. எனக்கு அந்தப் பக்கங்கள்தான் நாவலின் உயிராகப் படுகின்றன. செய்தித்தாளுக்கு அவன் இடம்பெயர்ந்தோர் கணக்கில் ஒரு தலை. குளிக்கும்போது அவன் ஒரு மாப்பிள்ளை. கங்கா சாகும்போது நமக்கு இழப்பாகத் தெரிவது ஓர் எண் கூடியது இல்லை. இரண்டு பேர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளத் தொடங்கி, முடிக்காமல் விட்ட காரியம்.

இதே ஆசிரியரின் அடுத்த நாவல், 2021-இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்த 'எ பாசேஜ் நார்த்', போர் முடிந்த பிறகு நடப்பது. இரண்டு பிள்ளைகளையும் போரில் இழந்த ராணி என்ற பெண் கொழும்பில் ஒரு மூதாட்டியைக் கவனித்துக்கொள்ள வருகிறாள். ஊருக்குப் போன இடத்தில் கிணற்றில் விழுந்து இறக்கிறாள். இழவுக்குப் போகும் இளைஞனின் ரயில் பயணம்தான் நாவல். போர் முடிந்ததாக அரசு அறிவித்த தேதி ராணிக்குப் பொருந்தவில்லை.

ஆங்கிலத்தில் எழுதியவர்கள்தான் உலகப் பரிசு பெறுகிறார்கள். ஆனால் இந்த வேலையைத் தமிழில் செய்தவர்கள் குறைவில்லை. தமிழ்நதியின் 'பார்த்தீனியம்' (2016) இந்திய அமைதிப்படை ஈழத்தில் இருந்த காலத்தை, இயக்கத்துக்குப் போய்விட்ட ஒருவனைக் காதலிக்கும் பெண்ணை வைத்துச் சொல்கிறது. தமிழ்நாட்டு வாசகர் அவசியம் படிக்க வேண்டிய புத்தகம் அது, ஏனென்றால் அதில் வீட்டுக்குள் துப்பாக்கியோடு நுழைகிறவர்கள் நம் வரிப்பணத்தில் போனவர்கள். புலிகளின் வானொலியில் பணியாற்றிய தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்' (2013) வன்னியின் கடைசி இடப்பெயர்வை ஒரு பாட்டியின் பக்கத்திலிருந்து சொல்கிறது. அடுத்த வேளைக்கு அரிசி, பதுங்குகுழிக்கு மேலே போட மரக்குற்றி, பேரப்பிள்ளைகளின் தலை எண்ணிக்கை என்றே அதன் உலகம் நகர்கிறது. சயந்தனின் 'ஆதிரை' (2015) மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்களின் தலைமுறைகளைத் தொடர்கிறது. இவற்றில் காதல் சினிமாவில் வரும் காதலாக இருப்பதில்லை. சோறு, சைக்கிள், கடிதம், காத்திருப்பு என்றுதான் அது வருகிறது.

இஸ்ரேல், பாலஸ்தீன நாவல்களிலும் இதே இழுபறி நடக்கிறது. இஸ்ரேலிய எழுத்தாளர் டேவிட் கிராஸ்மன் ஒரு தாயைப் பற்றி நாவல் எழுதிக்கொண்டிருந்தபோது, 2006 ஆகஸ்டில் அவருடைய மகன் ஊரி லெபனான் போரில் கொல்லப்பட்டான். நாவல் 2008-இல் வெளிவந்தது. ராணுவ சேவை முடிந்து வீடு திரும்ப வேண்டிய மகன் புதிய தாக்குதலுக்குத் தானாக முன்வந்து போகிறான். தாய் ஓரா வீட்டைப் பூட்டிக்கொண்டு கலிலேயா மலைப்பாதையில் நடக்கத் தொடங்குகிறாள். சாவுச் செய்தி சொல்ல அதிகாரிகள் வந்தால் வாங்கிக்கொள்ள வீட்டில் ஆள் இருக்கக் கூடாது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லையென்றால் சாவும் நடக்காது என்று நம்புகிறாள். நடக்கும் வழியெல்லாம், தன் மகனை ஒருமுறைகூடப் பார்த்திராத பழைய காதலனும் அவனுடைய தகப்பனுமான ஆவ்ரமிடம், பிள்ளை முதலில் நடந்தது, சாப்பிட அடம்பிடித்தது என்று சொல்லிக்கொண்டே போகிறாள். ராணுவம் எழுதப்போகும் இரங்கல் கடிதத்துக்கு முன்பே அவன் வாழ்க்கையைத் தான் சொல்லி முடித்துவிட வேண்டும் என்ற ஓட்டம் அது.

பாலஸ்தீனத் தரப்பில் கசான் கனஃபானி 1969-இல் எழுதிய 'ஹைஃபாவுக்குத் திரும்புதல்' என்ற குறுநாவல் இன்னும் கடுமையானது. 1948-இல் ஹைஃபாவிலிருந்து விரட்டப்பட்ட கலவரத்தில் சயீதும் சஃபியாவும் கைக்குழந்தையை வீட்டிலேயே விட்டுவிட நேர்கிறது. 1967 போருக்குப் பிறகு எல்லை திறந்ததும் பழைய வீட்டைப் பார்க்கப் போகிறார்கள். அங்கே ஐரோப்பாவின் யூதப் படுகொலையிலிருந்து தப்பி வந்த மிரியம் இருக்கிறாள். அந்தக் குழந்தை அவள் மகனாக வளர்ந்து, இஸ்ரேலிய ராணுவச் சீருடையில் வந்து நிற்கிறது. மிரியமை அரக்கியாக்கவில்லை கனஃபானி. அவளுடைய துக்கத்தையும் எழுதுகிறார். ஆனாலும் கதை சமரசத்தில் முடியவில்லை. இயக்கத்தில் சேரப் பார்த்த இன்னொரு மகனைத் தடுத்து வைத்திருந்த சயீத், தான் திரும்புவதற்குள் அவன் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறான். அன்பையும் இழப்பையும் எழுதினால் அது தானாகவே அமைதிப் பிரசாரமாகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்த முடிவின் முன்னால் கொஞ்சம் நிற்க வேண்டும். இழந்தவன் ஆயுதத்தை நோக்கியும் திரும்பலாம். அதையும் மறைக்காமல் எழுதுவதுதான் நேர்மை. கனஃபானி 1972 ஜூலையில் பெய்ரூட்டில் கார் குண்டில் கொல்லப்பட்டார். அவரோடு இறந்தது அவருடைய சகோதரியின் மகள் லமீஸ்.

இங்கே பலமான மறுப்பு ஒன்று வருகிறது. ஒடுக்குகிறவன் வீட்டுப் பெண்ணும் ஒடுக்கப்பட்டவன் வீட்டுப் பையனும் காதலித்தார்கள் என்று எழுதுவது, இரண்டு பக்கமும் சமம் என்று சொல்வதாகாதா? துப்பாக்கி ஒரு பக்கமும் பிணம் இன்னொரு பக்கமும் இருக்கும்போது, இருவரும் மனிதர்களே என்று முடிப்பது அநியாயத்துக்குப் பூச்சு பூசுவதில்லையா? இது வெறும் வாதத்துக்காகக் கேட்கும் கேள்வி கிடையாது. இப்படிச் சமன்செய்யும் நாவல்கள் இருக்கவே செய்கின்றன. ஆனால் நல்ல நாவல் காதலர்களைச் சமமாக வைத்து, அவர்களுக்குக் கீழே இருக்கும் நிலம் எவ்வளவு சரிந்திருக்கிறது என்று காட்டுகிறது. கனடாவில் குடியேறிய ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்' (1994) நாவலில் ராதா என்ற தமிழ்ப்பெண்ணும் அனில் என்ற சிங்கள இளைஞனும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். பிரியத்தில் ஏற்றத்தாழ்வு இல்லை. ஆனால் யாழ்ப்பாணம் போய்த் திரும்பும் ரயிலில் கும்பல் தாக்குவது ராதாவைத்தான். அதன் பிறகு அவளே வீட்டார் பார்த்த தமிழ் மாப்பிள்ளைக்குச் சம்மதித்துவிடுகிறாள். காதல் சமமாக இருந்ததால்தான் அடி சமமாக விழவில்லை என்பது அவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது.

இஸ்ரேலிய எழுத்தாளர் டொரித் ராபின்யன் 2014-இல் எழுதிய நாவலும் அப்படித்தான். நியூயார்க் குளிர்காலத்தில் இஸ்ரேலியப் பெண் லியாத்தும் பாலஸ்தீன ஓவியன் ஹில்மியும் சந்தித்துக் காதலிக்கிறார்கள். அந்நிய நகரத்தில் இருவரும் வெயிலுக்கு ஏங்கும் வெளியூர்க்காரர்கள். ஆனால் சொந்த ஊரில் அவளுக்குக் கடல் சாதாரணம். மேற்குக் கரையில் வளர்ந்த அவனுக்கு, கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அது எட்டாக் கடல். கடைசியில் யாஃபா கடலில் அவன் மூழ்கி இறக்கிறான். இந்த நாவலை மேல்நிலைப் பள்ளி இலக்கியப் பாடத்தில் வைக்க ஆசிரியர்கள் கேட்டார்கள். இஸ்ரேல் கல்வி அமைச்சகம் 2015 இறுதியில் மறுத்துவிட்டது. யூதர்களுக்கும் யூதரல்லாதவர்களுக்கும் இடையிலான உறவை இளைஞர்களுக்கு இயல்பாகக் காட்டிவிடும் என்ற அச்சம் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. போர் முழக்கம் செய்யும் புத்தகமாக இருந்திருந்தால் இந்த அச்சம் வந்திராது. சமம் என்று பூசி மெழுகும் எழுத்தாக இருந்திருந்தாலும் அதிகாரம் பதறியிருக்காது. மாணவர்கள் ஹில்மிக்காக அழுதுவிடுவார்களோ என்பதுதான் அங்கே பிரச்சினை.

இன்னொரு மறுப்பு நம் பக்கத்திலிருந்தே வருவது. எதிரியின் குற்றங்களையே இன்னும் யாரும் விசாரிக்கவில்லை. அதற்குள் நம் இயக்கம் பிள்ளை பிடித்ததையும் சொந்த மக்களைக் கொன்றதையும் ஏன் எழுத வேண்டும், எதிரிக்கு ஆயுதம் கொடுப்பதாகாதா? கோபம் புரிகிறது. ஆனால் இதற்கு ராஜினி திராணகம வாழ்ந்து காட்டிய பதில் ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழ்ப் பெண், யாழ் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவர். சிங்களரான தயாபாலவைக் காதலித்து மணந்தவர், இரண்டு பெண்களுக்குத் தாய். 'முறிந்த பனை' நூலைச் சக பேராசிரியர்களோடு சேர்ந்து எழுதினார். இலங்கை ராணுவம், இந்தியப் படை, தமிழ் இயக்கங்கள் என்று யாரையும் அதில் விட்டுவைக்கவில்லை. 1989 செப்டம்பர் 21 அன்று வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. 'பிரதர்லெஸ் நைட்' நாவலில் சசியின் ஆசிரியையாக வரும் அஞ்சலியில் அவருடைய சாயல் தெளிவாக இருக்கிறது. தன் பக்கத்துக் கொலையை மறைத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்துக் கொலைக்கு நியாயம் கேட்க முடியாது என்பது அவர் நிலை. எந்தத் துப்பாக்கி கொன்றது என்பதைப் பொறுத்து ஒரு தாயின் அழுகைக்கு அனுமதி உண்டு, இல்லை என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை எந்த இயக்கத்துக்கும் கொடுக்க முடியாது. இவ்வளவும் எழுதுவதால் அரசின் குற்றம் ஓர் இம்மியும் குறைவதில்லை.

வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதி நம் சாவை விற்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் உண்டு. இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. உள்ளே இருந்து எழுதியவர்களின் புத்தகங்களை நாம் வாங்கியிருந்தால், வெளியே இருந்து எழுதியவர்களைக் குறை சொல்லும் தகுதி நமக்கு இருந்திருக்கும்.

நான் முழுதாக ஒப்புக்கொள்ளும் மறுப்பு வேறு. காதல் கதை சாவை அழகாக்கிவிடும். தேசிங்கு கதையே சாட்சி. பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தையில் விற்று, கூத்தில் ஆடி, 1960-இல் எம்.ஜி.ஆர். நடிக்கப் படமாகவும் வந்த அந்தக் கதை, 22 வயதில் செத்ததைப் பொறாமைப்படத்தக்க சாவாகக் காட்டியது. ஓர் இளம்பெண் உயிரோடு எரிந்ததைப் பத்தினித்தனமாகப் பாடியது. துக்கத்தைப் பெருமையாக மாற்றிக் கொடுத்ததும் கேட்பவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாக எழுந்து போனார். போர்க்காலக் காதலை எழுதும் எவருக்கும் இந்த ஆபத்து பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு நாவல் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று அறிய எனக்குத் தெரிந்த சோதனை இது: பிழைத்தவருக்கு மறுநாள் காலை இருக்கிறதா என்று பார்ப்பது. தேசிங்கின் ராணிக்கு மறுநாள் கிடையாது. பாட்டு அவளை அன்றே எரித்து முடித்துவிடுகிறது. சசிக்கும் தினேஷுக்கும் ஓராவுக்கும் மறுநாள் உண்டு. அந்த மறுநாளை எழுதுவதுதான் கடினம், அதில் பெருமை எதுவும் மிஞ்சாது.

இது வெறும் இலக்கியப் பேச்சு என்று யாருக்காவது தோன்றினால், கிளிநொச்சியைப் பார்க்கலாம். வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர், பெரும்பாலும் தாய்மார், 2017 பிப்ரவரி 20 முதல் அங்கே தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். கையில் மகனுடைய, கணவனுடைய படம். இறப்புச் சான்றிதழும் இழப்பீடும் வாங்கிக்கொள்ளச் சொன்னபோது அவர்கள் மறுத்தார்கள். உயிரோடு ராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளை எங்கே என்று மட்டும் கேட்டார்கள். சாவுச் செய்தியை வாங்க மறுத்து மலையேறிய ஓரா ஒரு கற்பனைப் பாத்திரம். இந்தத் தாய்மார் நிஜம். பலர் பதில் கிடைக்காமலே கண்மூடிவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் ஈழம் என்றால் மேடையும் முழக்கமும் மே மாத நினைவேந்தலும் என்றாகிவிட்டது. அவை இருக்கட்டும். நம் ஊர்ப்புற நூலகங்களின் அலமாரியில் 'ஊழிக்காலம்', 'பார்த்தீனியம்', 'ஆதிரை' இருக்கின்றனவா என்று செஞ்சிக்காரர்களும் மற்ற ஊர்க்காரர்களும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் நூலகரிடம் எழுதிக் கேட்டு வாங்க வைக்க வேண்டும். கல்லூரித் தமிழ்த்துறைகள் இவற்றைப் பாடமாக வைக்க வேண்டும். இந்தியப் படை செய்ததைச் சொல்லும் பக்கங்களை நீக்காமல், இயக்கங்கள் செய்ததைச் சொல்லும் பக்கங்களையும் நீக்காமல் வைக்க வேண்டும்.